முரசைக் கிழித்தவள்: நங்னாங் இளவரசியின் வழக்கு

கி.பி. 32ஆம் ஆண்டின் நான்காம் மாதம். வடக்கே வளர்ந்துவந்த பழைய கொரிய அரசான கோகுர்யோவின் இளவரசன் ஹோதோங், கொரியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையை ஒட்டிய ஓக்ஜோ பகுதிக்குப் போயிருந்தான். அங்கே நங்னாங் நாட்டு அரசன் ச்வே ரி அவனைப் பார்த்தான். தன்னுடன் அழைத்துச் சென்று தன் மகளை மணம் முடித்து வைத்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்தப் பெண் தன் தந்தையால் கொல்லப்பட்டாள். நங்னாங் சரணடைந்தது. ஹோதோங் தன் வாள்மேல் விழுந்து உயிரை விட்டான். இத்தனைக்கும் நடுவில் ஒரு மாய முரசு இருக்கிறது.

இது கொரியர்களிடம் மிகவும் பரவிய காதல் கதைகளில் ஒன்று. இருபதாம் நூற்றாண்டில் நாவலாகவும் நாடகமாகவும் பாலே நடனமாகவும் பிறகு தொலைக்காட்சித் தொடராகவும் வந்துவிட்டது. காதலுக்காக நாட்டையே தியாகம் செய்தவள் என்று இளவரசியையும், அவள் பிரிவைத் தாங்காமல் இறந்தவன் என்று இளவரசனையும் இந்த வடிவங்கள் பலவும் போற்றுகின்றன. மூல ஏடு சொல்வது வேறு. அந்த ஏட்டை முன்னால் வைத்துக்கொண்டு, யார் என்ன கேட்டார்கள், யார் என்ன கொடுத்தார்கள், யார்மீது தீர்ப்பு எழுதப்பட்டது, யார் தீர்ப்புக்குக்கூட எடுத்துக்கொள்ளப்படவில்லை என்பதை ஒரு வழக்கைப் போல ஆராய்வதே இந்தக் கட்டுரை.

ஏட்டில் உள்ளபடி

நமக்குள்ள மூல ஆதாரம் ‘சம்குக் சாகி’. பல நூற்றாண்டுகள் பின்னால் வந்த கோர்யோ அரசின் மூத்த அமைச்சரும் கன்பூசியச் சிந்தனையில் ஊறியவருமான கிம் பூசிக் அரசனின் ஆணைப்படி தொகுத்து 1145இல் முடித்த வரலாற்று நூல் அது. மொத்தம் 50 தொகுதிகள். நம் நிகழ்வு 14ஆம் தொகுதியில், ஹோதோங்கின் தந்தையான கோகுர்யோ அரசன் தேமூசினின் பதினைந்தாம் ஆட்சியாண்டுப் பதிவில் இருக்கிறது. நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் எழுதப்பட்ட காலத்துக்கும் இடையே ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. பதிவோ சில வரிகள்தாம்.

ச்வே ரி ஹோதோங்கைப் பார்த்ததும், “உம் முகத்தோற்றம் சாதாரண மனிதருடையதாக இல்லை, வடநாட்டுத் தெய்வீக அரசரின் மகன் அல்லவா நீர்?” என்று கேட்கிறான். திருமணம் நடக்கிறது. பிறகு ஹோதோங் தன் நாட்டுக்குத் திரும்பிவிடுகிறான். மனைவியை அழைத்துப் போகவில்லை. நாடு திரும்பியவன் இரகசியமாக ஓர் ஆளை அனுப்பி அவளுக்குச் செய்தி சொல்கிறான்: “உன் நாட்டுப் படைக்கலச் சாலைக்குள் புகுந்து, முரசைக் கிழித்துக் கொம்பை உடைத்தாயானால் உன்னை முறைப்படி வரவேற்றுக்கொள்வேன். இல்லையென்றால் இல்லை.”

ஏன் முரசும் கொம்பும்? நங்னாங்கிடம் இருந்தவை பகைவர் படை நெருங்கினால் தாமே முழங்குபவை. ஆள் அடிக்க வேண்டாம், ஊத வேண்டாம். அவை இருக்கும்வரை நங்னாங்கைத் திடீரென்று தாக்க முடியாது.

அவள் கூர்மையான கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் படைக்கலச் சாலைக்குள் போகிறாள். முரசின் தோலைக் கிழிக்கிறாள், கொம்பின் வாயை வெட்டுகிறாள், செய்தி அனுப்புகிறாள். ஹோதோங் தந்தையைத் தூண்ட, கோகுர்யோ படை புறப்படுகிறது. முரசு முழங்காததால் ச்வே ரி எந்த ஏற்பாடும் செய்யவில்லை. மதிலடிக்குப் படை வந்து நின்றபோதுதான் முரசும் கொம்பும் பாழாக்கப்பட்டிருப்பதை அறிகிறான். மகளைக் கொல்கிறான். வெளியே வந்து சரணடைகிறான்.

அவள் பெயர் என்ன? ஏட்டில் இல்லை. ச்வேயின் மகள், அவ்வளவுதான்.

இதே பதிவின் கீழே இன்னொரு பாடமும் குறிக்கப்பட்டிருக்கிறது. அதன்படி, கோகுர்யோ அரசனே நங்னாங்கை அழிக்கத் திட்டமிட்டுப் பெண் கேட்டான். ச்வே ரியின் மகளை மகனுக்கு மனைவியாக்கிக்கொண்டான். பின்னர் அவளைத் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பி அந்தப் போர்க்கருவிகளை அழிக்க வைத்தான். இந்தப் பாடத்தில் வழிச் சந்திப்பும் இல்லை, இளவரசனின் நிபந்தனையும் இல்லை. ஓர் அரசு, ஒரு பெண், ஒரு வேலை. கதையாகச் சொல்பவர்கள் இதை விட்டுவிடுவது வழக்கம். ஆனால் குற்றப்பொறுப்பு மகனிடமிருந்து தந்தைக்கு இடம் மாறுவது இங்கேதான் என்பதால் இந்த ஆய்வுக்கு இது தேவை.

காலக்கணக்கு இடிக்கிறது

நடந்தது இப்படியேதானா என்று கேட்டால், இருக்க வாய்ப்பு குறைவு. மாய முரசை ஒதுக்கிவிட்டாலும் ஏட்டின் சொந்தக் கணக்கே ஒத்துவரவில்லை. தேமூசின் பட்டத்து இளவரசனாக்கப்பட்டபோது வயது 11 என்று அதே நூல் சொல்கிறது. அது கி.பி. 14. அப்படியானால் 32இல் அவனுக்கு 29 வயது. மணமுடித்து, தூது அனுப்பி, போரைத் தூண்டும் வயதில் அவனுக்கு ஒரு மகன் இருந்திருக்க முடியுமா? மேலும், ஹோதோங்கின் தாய் கால்சா அரசனின் பேத்தி. கால்சா அரசு தோன்றியதே கி.பி. 22இல், புயோ நாட்டு அரசன் தேமூசினுடன் நடந்த போரில் கொல்லப்பட்ட பிறகு, அவனுடைய தம்பி தப்பியோடி நிறுவியதால். அந்த உறவு அதன்பின் ஏற்பட்டது என்றால் ஹோதோங்குக்குப் பத்து வயதுகூட நிரம்பியிருக்காது.

நங்னாங் எது என்பதும் தீராத விவாதம். பியோங்யாங் பக்கம், தேதோங் ஆற்றின் தென்கரையை மையமாகக் கொண்டு, சீன ஹான் பேரரசு கி.மு. 108இல் நிறுவிய மாவட்டத்துக்கு அதே பெயர். அது கி.பி. 313 வரை இருந்தது. கி.பி. 25இல் அங்கே ஒரு கலகக்காரன் ஆட்சியைப் பிடித்தான். 30இல் ஹான் அதை மீட்டுவிட்டது. அப்படியிருக்க 32இல் ச்வே ரி என்ற ‘அரசன்’ எங்கிருந்து வந்தான்? அது வேறொரு தனி நாடு என்கிறது ஒரு தரப்பு. 30இல் ஹான் பேரரசு மலைத்தொடருக்குக் கிழக்கே இருந்த ஏழு வட்டங்களின் நேரடி ஆட்சியைக் கைவிட்டு, உள்ளூர்த் தலைவர்களிடமே ஒப்படைத்தது. அவர்களில் ஒருவனாக இவன் இருக்கலாம் என்கிறது இன்னொரு தரப்பு. சந்திப்பு ஓக்ஜோவில் நடந்ததாகச் சொல்லப்படுவதால் இரண்டாவது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஆக, இது வரலாற்றின் ஓரத்தில் முளைத்த புராணம். அதனால் மதிப்புக் குறைந்துவிடவில்லை. தேமூசினின் ஆட்சிப் பதிவு முழுவதுமே இப்படித்தான் இருக்கிறது. புயோமீது படையெடுத்துப் போகும் வழியில், கி.பி. 21இன் கடைசி மாதத்தில், ஆற்றங்கரையில் அவன் ஒரு பாத்திரத்தைக் கண்டெடுக்கிறான். தீ மூட்டாமலே அது தானாகக் கொதிக்கிறது. படை முழுவதும் அதில் சமைத்துச் சாப்பிடுகிறது. தானே கொதிக்கும் பாத்திரம் கோகுர்யோவிடம், தானே முழங்கும் முரசு நங்னாங்கிடம். படையெடுப்பவனுக்குச் சோறு போடும் மாயம் ஒரு பக்கம், படையெடுப்பைத் தடுக்கும் மாயம் மறுபக்கம். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, வளரும் ஓர் அரசு தன் வெற்றிகளைத் தனக்குத்தானே எப்படி விளக்கிக்கொண்டது என்பது தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாத சக்திகள் பாத்திரமாக வந்து உதவின. அதே சக்திகள் முரசாக எதிரே நின்றபோது, அதைக் கிழிக்க ஒரு பெண்ணின் கை தேவைப்பட்டது.

முரசு

இந்த முரசை ஏதோ அலங்காரமாக எடுத்துக்கொள்வது பெரும் பிழை. வழக்கின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

ஒரு நாட்டின் விழிப்பு எங்கே இருக்க வேண்டும்? எல்லைக் காவலனின் கண்ணில், மலையுச்சியில் தீ மூட்டுபவனின் கையில், செய்தி கொண்டு ஓடுபவனின் காலில். அது பலரிடம் பங்கிடப்பட்டிருந்தால், ஒருவன் தூங்கினாலும் இன்னொருவன் விழித்திருப்பான். நங்னாங் தன் விழிப்பு முழுவதையும் ஒரே அறையில் வைத்துப் பூட்டிவிட்டது. முரசு முழங்கவில்லை, ஆகவே பகைவர் இல்லை என்று ச்வே ரி எண்ணினான். முழங்காமை என்பது அவனுக்குச் செய்தியாகவே இருந்தது. முரசு நலமாக இருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்த்ததாக ஏட்டில் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த முரசை வெளியிலிருந்து யாராலும் தொட முடியாது. பகைவன் நெருங்கினாலே அது முழங்கிவிடும். அதை அழிக்க வேண்டுமானால் அது பகை என்று கருதாத ஒருவர் நெருங்க வேண்டும். அந்த நாட்டில் பிறந்து வளர்ந்த ஒருத்தி. எதிரியின் மனைவியான பிறகும் முரசு அவளைத் தன்னவள் என்றே ஏற்றுக்கொண்டது. கத்தியோடு வந்தபோதும் முழங்கவில்லை. கதையைக் கட்டியவர்கள் எவ்வளவு ஆழமாக யோசித்திருக்கிறார்கள் என்று நான் வியக்கும் இடம் இது. பகையை அறியும் கருவிக்கு அன்பின் வழியாக வரும் ஆபத்தை அறியத் தெரியாது. அல்லது அவளிடம் பகையே இருக்கவில்லை என்று அந்தக் கருவி சரியாகவே அறிந்திருந்தது. இரண்டாவது விளக்கத்தை ஏற்றால், முரசின் மௌனமே அவளுக்குச் சாதகமான சாட்சியம் ஆகிவிடுகிறது.

நிபந்தனை

இப்போது ஹோதோங் அனுப்பிய செய்திக்கு வருவோம். செய்தால் முறைப்படி வரவேற்பேன், செய்யாவிட்டால் இல்லை. இரண்டே வாக்கியங்கள். இதில் அன்பு என்ற சொல்லோ, ஏக்கமோ, அவளுக்கு நேரப்போகும் ஆபத்தைப் பற்றிய கவலையோ இல்லை. அவள் ஏற்கெனவே அவனுடைய மனைவி. அவளை வரவேற்பது அவன் கடமை. கடமையையே பரிசாக மாற்றி அதற்கு ஒரு விலையும் வைக்கிறான். அந்த விலை அவளுடைய தந்தை, ஊர், உயிர்.

தியாகம் என்ற சொல்லை நாம் இங்கே மிக எளிதாகப் பயன்படுத்திவிடுகிறோம். தியாகம் செய்பவர் தன்னிடம் உள்ளதைத் தானே முடிவு செய்து கொடுக்க வேண்டும். கொடுக்காமலிருக்கவும் அவருக்கு வழி இருந்திருக்க வேண்டும். கணவன் வீட்டுக்குப் போகாத மனைவி, அதுவும் பகைநாட்டு இளவரசனின் மனைவி, தந்தையின் அரண்மனையில் என்னவாக இருந்திருப்பாள்? மறுத்தாலும் அவள் வாழ்வு முடிந்ததுதான். ஆகவே அவள் செய்ததைத் தியாகம் என்று போற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதே என் தரப்பு. கேட்டவன் ஒருவன், செலுத்தியவள் இன்னொருத்தி.

அவள் கொடுத்ததில் ஒரு பகுதி அவளுடையதே அல்ல என்பதையும் மறைக்கக் கூடாது. முரசு நங்னாங் மக்கள் எல்லோருக்குமானது. மதிலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்களின் பாதுகாப்பை அவள் தன் திருமணத்துக்காகக் கொடுத்தாள். இரக்கத்தின் பெயரால் இதைத் தள்ளுபடி செய்தால் ஆய்வு நேர்மையாக இருக்காது. அவள் குற்றவாளி, அதே நேரம், அவளைக் குற்றத்துக்குள் தள்ளியவர்கள் அவளைவிடப் பெரிய குற்றவாளிகள். இரண்டாம் பாடம் உண்மையானால் அவளுக்குத் தேர்வு இன்னும் குறைவு: அவள் அந்த நாட்டு மருமகள், அரசனின் ஆணையோடு அனுப்பப்பட்டவள்.

இதே இக்கட்டில் வேறு முடிவெடுத்த ஒருத்தியின் கதை சீனத்தின் பழைய ஆண்டுக்குறிப்பில் இருக்கிறது. கி.மு. 697. ஜெங் நாட்டில் ஜை ஜோங் என்ற அமைச்சரின் அதிகாரம் வளர்ந்துவிட்டது. அவரைக் கொல்ல நாட்டின் தலைவர் அவருடைய மருமகனையே ஏவினார். ஊருக்கு வெளியே விருந்து வைத்துக் கொல்வது திட்டம். இது மகள் யோங் ஜிக்குத் தெரிந்துவிட்டது. அவள் தாயிடம் போய், “தந்தை, கணவன் இருவரில் யார் நெருங்கியவர்?” என்று கேட்டாள். எந்த ஆணும் கணவனாகலாம், தந்தை ஒருவர்தான் என்றாள் தாய். அவள் தந்தையை எச்சரித்தாள். தந்தை அவள் கணவனைக் கொன்றார். அந்த உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டு நாட்டைவிட்டு ஓடிய தலைவர் சொன்னது: சதியில் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டான், அவன் சாவு அவனுக்குத் தகுந்ததே.

நங்னாங் இளவரசி கணவனைத் தேர்ந்தாள், தந்தை நாட்டை இழந்தார். யோங் ஜி தந்தையைத் தேர்ந்தாள், கணவனை இழந்தாள். இரண்டிலும் கொலைத்திட்டம் தீட்டியவர்கள் ஆண்கள். இரண்டிலும் அந்தத் திட்டத்தின் பாரம் முழுவதும் ஒரு பெண்ணின் நெஞ்சில் இறக்கிவைக்கப்பட்டது. யோங் ஜிக்காவது கேட்க ஒரு தாய் இருந்தாள். நங்னாங் இளவரசிக்குக் கேட்க யாராவது இருந்தார்களா? படைக்கலச் சாலைக்குப் போகும் முன் அவள் யோசித்தாளா, எத்தனை நாள் யோசித்தாள், செய்தி கொண்டுவந்த ஆளிடம் முதலில் என்ன பதில் சொன்னாள், எதுவும் ஏட்டில் இல்லை. கத்தி கூர்மையாக இருந்தது என்பது மட்டும் இருக்கிறது.

தந்தையின் தீர்ப்பு

ச்வே ரி முதலில் மகளைக் கொன்றான், பிறகு சரணடைந்தான். இந்த வரிசை முக்கியம். போரிட்டுக்கொண்டே கொன்றிருந்தால், துரோகம் தொடராமல் தடுத்தான் எனலாம். சரணடைய முடிவெடுத்துவிட்டவனுக்கு அந்தக் கொலையால் ஒரு மதிலும் மீளாது, ஒரு வீரனும் பிழைக்க மாட்டான். பகைவரிடம் நாட்டை ஒப்படைப்பதற்குச் சற்று முன்பு, அரசனாக அவன் நிறைவேற்றிய கடைசித் தண்டனை அது.

அவனுடைய பங்கை யார் கணக்கெடுப்பது? வழியில் பார்த்த பகைநாட்டு இளவரசனை அழைத்துவந்தவன் அவன். முகத்தைப் பார்த்தே யார் மகன் என்று தெரிந்துகொண்டவன். தெரிந்தே பெண் கொடுத்தவன். வடக்கே வளரும் அரசோடு மண உறவு வைத்துக்கொண்டால் நாடு தப்பும் என்று எண்ணியிருப்பான். சிறிய நாடுகள் எப்போதும் செய்துவந்த கணக்குதான் அது. மகளை ஓர் உடன்படிக்கையாகக் கொடுத்தவன், அந்த உடன்படிக்கை தனக்கெதிராகத் திரும்பியபோது உடன்படிக்கை செய்த தன்னைத் தண்டித்துக்கொள்ளவில்லை.

இளவரசனின் மௌனம்

அதே ஆண்டு பதினொன்றாம் மாதம் ஹோதோங் இறக்கிறான். காரணம் இளவரசி அல்ல. அவன் அரசனின் இரண்டாம் மனைவியின் மகன். பேரழகன், தந்தையின் செல்லம். அவன் முடிக்குரியவனாகிவிடுவானோ என்று அஞ்சிய பட்டத்தரசி அரசனிடம் அவதூறு சொல்கிறாள்: ஹோதோங் என்னிடம் மரியாதையாக நடப்பதில்லை, என்னிடம் தகாத எண்ணம் கொண்டிருக்கிறான். அரசன் முதலில் நம்பவில்லை. வேறொருத்தியின் பிள்ளை என்பதால் வெறுக்கிறாயா என்கிறான். தன் சொல் எடுபடவில்லை, தனக்கே ஆபத்து வரும் என்று உணர்ந்த அவள் அழுகிறாள். மறைந்திருந்து கவனியுங்கள், அப்படி ஒன்றும் இல்லையென்றால் தண்டனையை நானே ஏற்கிறேன் என்கிறாள். அரசனுக்கு ஐயம் வந்துவிடுகிறது.

நீ ஏன் விளக்கம் சொல்லக்கூடாது என்று ஒருவர் ஹோதோங்கைக் கேட்கிறார். விளக்கினால் அன்னையின் தீமை வெளிப்படும், தந்தைக்குக் கவலை சேரும், அது மகனுக்குரிய கடமையாகுமா என்று சொல்லிவிட்டு வாள்மேல் விழுகிறான்.

இந்தக் குடும்பத்தில் இது முதல் முறையுமல்ல. தேமூசினின் அண்ணன் ஹேம்யோங் பட்டத்து இளவரசனாக இருந்தவன். அண்டை நாட்டுத் தூதுவன் கொண்டுவந்த வில்லை அவன் முன்னாலேயே வளைத்து ஒடித்தான் என்பதற்காக, அவர்களுடைய தந்தை யூரி அரசன் கி.பி. 9இல் அவனுக்கு வாளை அனுப்பிச் சாகச் சொன்னான். நிலத்தில் ஈட்டியை நட்டு அதன்மேல் குதிரையை விரட்டி ஹேம்யோங் மாண்டான். வயது 21. அந்தச் சாவுதான் தேமூசினுக்கு அரியணைக்கு வழி திறந்தது. தந்தையின் சொல்லுக்கு மகன் உயிரால் பதில் சொல்வதை அந்த அரண்மனை முன்பே பார்த்திருந்தது.

ஹோதோங்கின் சாவைப் பற்றி மட்டும் கிம் பூசிக் தனியாக ஒரு தீர்ப்புரை எழுதுகிறார். அவதூறை நம்பிக் குற்றமற்ற மகனைச் சாகவிட்ட அரசனின் இரக்கமின்மை பேசத் தகுதியற்றது என்று தொடங்குகிறார். உடனே, ஹோதோங்கும் குற்றமற்றவன் அல்ல என்கிறார். பழைய காலத்துச் சீன அரசன் ஷுன் தன் கொடுமைக்காரத் தந்தையிடம் நடந்துகொண்டதுபோல் நடந்திருக்க வேண்டும்: சின்னத் தடியை எடுத்தால் அடி வாங்கிக்கொள்ள வேண்டும், பெரிய தடியை எடுத்தால் ஓடிவிட வேண்டும். அப்போதுதான் தந்தை பெரும்பழிக்கு ஆளாகாமல் இருப்பார். இதை அறியாமல் சாகக் கூடாத இடத்தில் செத்தான். சிறிய ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு பெரிய அறத்தைத் தவறவிட்டான். பழைய சீனத்தின் ஜின் நாட்டு இளவரசன் ஷென்ஷெங்குக்கு இவனை ஒப்பிடலாம் என்று முடிக்கிறார். ஷென்ஷெங்கும் மாற்றாந்தாயின் சதிக்கு ஆளாகி, கி.மு. 656இல், விளக்கம் சொல்ல மறுத்துத் தூக்கிட்டுக்கொண்டவன். அந்த மாற்றாந்தாய் லீ ஜி, ஜின் நாடு போரில் வென்று கொண்டுவந்த பெண் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

கிம் பூசிக்கின் தீர்ப்பில் அறிவு இருக்கிறது. சாவதே பெரிய நல்லொழுக்கம் என்று அவர் ஏமாறவில்லை. மகனின் உயிர்த்தியாகம் தந்தையைக் கொலைகாரனாக்கிவிடுகிறது என்று சரியாகவே பிடித்தார். தியாகம் செய்கிறவன், அந்தத் தியாகத்தால் மற்றவர்கள் என்னவாகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது இன்றும் நிற்கும் வாதம். ஆனால் அந்தத் தராசில் தந்தையும் மகனும் மட்டுமே ஏறினார்கள். ஏழு மாதங்களுக்கு முன்பான பதிவில் ஒரு பெண் கொல்லப்பட்டிருக்கிறாள். இந்த மகனின் செய்தியால் கொல்லப்பட்டிருக்கிறாள். அவளைப் பற்றிக் கிம் பூசிக் ஒரு வரிகூட எழுதவில்லை. குற்றமற்றவன் அல்ல என்று ஹோதோங்கைச் சொல்லும்போது, அந்தக் குற்றங்களில் அவள் சாவு இல்லை.

இது அவர் அறியாத உலகமும் அல்ல. 1135இல் மேற்குத் தலைநகரில், அதாவது இன்றைய பியோங்யாங்கில், ம்யோசோங் என்ற துறவியின் தலைமையில் கிளர்ச்சி வெடித்தபோது அதை அடக்கச் சென்ற படைக்குத் தலைமை தாங்கியவர் கிம் பூசிக்தான். நகரை முற்றுகையிட்டார், உள்ளே உணவு தீர்ந்து, 1136இல் நகரம் விழுந்தது. மதிலுக்கு வெளியே படை நிற்கும்போது உள்ளே என்ன நடக்கும், யார் யாரை ஐயப்படுவார்கள், யார் முதலில் சாவார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர். தந்தை–மகன் அறத்துக்கு ஒதுக்கிய இடத்தில் கால் பங்கை அந்த மதிலுக்குள் செத்தவளுக்கும் ஒதுக்கியிருக்கலாம் என்ற என் வருத்தத்தை நான் மறைக்கப்போவதில்லை.

ஹோதோங்கின் மௌனத்துக்கு வேறு காரணமும் இருந்ததா? அவள் நினைவு அவனை வாட்டியதா? பிற்காலக் கலைஞர்கள் ஆம் என்று சொல்லி அந்த இடைவெளியைக் காதலால் நிரப்பினார்கள். அவர்களை நான் குறைசொல்லவில்லை. நான்காம் மாதப் பதிவையும் பதினொன்றாம் மாதப் பதிவையும் அடுத்தடுத்துப் படிக்கும் யாருக்கும் அந்த எண்ணம் வரத்தான் செய்யும். ஆனால் அவன் வாயிலிருந்து வந்ததாக ஏடு தரும் வார்த்தைகளில் தாய் இருக்கிறாள், தந்தை இருக்கிறார், மனைவி இல்லை. அவளுக்காக அவன் இறந்தான் என்று சொல்லும்போது, அவள் சாவுக்கு அவன் பதில் சொல்லிவிட்டதாக ஆகிவிடுகிறது. ஏட்டின்படி அவன் பதில் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு

அடுத்த மாதமே ஹேவூ என்ற இளவரசன் பட்டத்துக்கு உரியவனாக அறிவிக்கப்பட்டான். பட்டத்தரசி அவதூறு சொல்லிக் காத்துக்கொள்ள விரும்பிய இடம் இதுதான்.

நங்னாங் 32இல் சரணடைந்ததாகச் சொன்ன அதே நூல், 37இல் தேமூசின் நங்னாங்கைத் தாக்கி அழித்தான் என்று மறுபடி எழுதுகிறது. அப்போது நங்னாங் மக்கள் 5,000 பேர் தெற்கே சில்லா நாட்டுக்கு வந்து அடைக்கலம் புகுந்தார்கள், அவர்கள் ஆறு பகுதிகளில் பிரித்துக் குடியமர்த்தப்பட்டார்கள் என்று சில்லாவின் பதிவில் இருக்கிறது. முரசு யாருடைய தூக்கத்தைக் காத்ததோ, அவர்கள் இவர்கள். 44இல் ஹான் பேரரசு கடல்வழியாகப் படை அனுப்பி நங்னாங்கை எடுத்துக்கொண்டது. சால்சு ஆற்றுக்குத் தெற்கே இருந்த நிலம் ஹானுக்குப் போனது. அழித்து எடுத்த நிலம் கோகுர்யோவிடம் இருந்தது ஏழு ஆண்டுகள்.

அதே 44இல் தேமூசின் இறந்தான். ஹேவூ மிகவும் இளையவன் என்று அரசனின் தம்பி ஆண்டான். 48இல்தான் ஹேவூ அரியணை ஏறினான். வரலாறு அவனை மோபோன் என்ற பெயரால் அறியும். அவன் மனிதர்கள்மேல் உட்காருவான், படுக்கும்போது மனிதர்களைத் தலையணையாக வைத்துக்கொள்வான், அசைந்தவர்களைக் கொல்வான், அறிவுரை சொன்ன அமைச்சர்களை வில்லால் எய்வான் என்கிறது ஏடு. 53இல் தூரோ என்ற அவனுடைய பணியாள், தன் முறை வந்துவிடும் என்று அஞ்சி அழுதான். அப்போது ஒருவர் அவனிடம் பழைய வாக்கு ஒன்றைச் சொன்னார்: நம்மை அரவணைப்பவனே நமக்கு அரசன், வதைப்பவன் நமக்குப் பகைவன். தூரோ ஆடைக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு போனான். அரசன் அவனை இழுத்து அவன்மேல் உட்கார்ந்ததும் கொன்றான்.

மறைத்த கத்தி ஒன்று, நம்பிய இடத்தில் துரோகம் ஒன்று. இருபத்தொரு ஆண்டு இடைவெளியில் ஒரே தொகுதியில் இரண்டு பதிவுகள். தூரோவின் கத்திக்கு ஒரு பழைய வாக்கு துணைக்கு வந்தது. அதே வாக்கை நங்னாங் இளவரசிக்கும் பொருத்திப் பார்த்தால் என் தீர்ப்பு இதுதான்: விலை கேட்ட கணவனின் நாட்டுக்கும் அவள் கடன்பட்டிருக்கவில்லை, அவளைக் கொடுத்துக் கூட்டணி வாங்கிய தந்தையின் அரண்மனைக்கும் கடன்பட்டிருக்கவில்லை, அவள் கடன்பட்டிருந்தது பின்னர் சில்லாவுக்கு நடந்துபோன அந்த 5,000 பேருக்கும் அவர்களைப் போன்றவர்களுக்கும் மட்டுமே. அந்தக் கடனை அவள் தீர்க்கவில்லை. அதற்காக அவளைக் குற்றம் சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது. ஹோதோங்குக்கும் ச்வே ரிக்கும் இருக்கவில்லை.